எட்டில்தான் கரையும்

பதினெட்டு தசம் ஆறு ஒன்று கிராம்.
தராசின் கடைசி இலக்கம் நிலைகொள்ளவில்லை.
"ஃபானை நிப்பாட்டு" என்றாள் டிலுக்சியா.
நிப்பாட்டியதும்
அறிவியல்நகரின் இரண்டரை மணி வெயில்
கூரைத்தகட்டிலிருந்து எங்கள் பிடரிக்கு இறங்கியது.

முகவையில் நீர், நீருக்குள் ஈடிரிஏ,
கீழே காந்தக் கலக்கி.
வெள்ளைக் குளிசை மாதிரி ஒரு காந்தத்துண்டு
அடியில் கிடந்து பேய் பிடித்ததாய்ச் சுழன்றது.
தூள் கரையவேயில்லை,
அரிசி கழுவின தண்ணிபோல் அப்படியே நின்றது.

பீஎச் எட்டுக்கு வந்தால்தான் கரையும் என்று
போன கிழமை மிஸ் சொன்னதை
இருவரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டோம்.
எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம்.
பயப்படுவது மட்டும் தமிழில்.

இதற்கு ஆறு கைகள் என்று குறிப்பில் இருக்கிறது.
ஓர் உலோக அயனைக் கண்டால்
ஆறாலும் கட்டிப்பிடித்து விடாமல் வைத்திருக்கும்.
மக்னீசியத்தைப் பிடித்துவைத்தால்
வெட்டுகிற நொதியம் பட்டினி கிடக்கும்.
டிஎன்ஏ இழை துண்டுபடாமல்
குளிர்ப்பெட்டியில் வருடக்கணக்காய்ப் படுத்திருக்கும்.

டிலுக்சியா சட்டைக்கையைச் சுருட்டினாள்.
மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே
தோலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒன்று.
அதைக் கலக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்
"பார், என்ரையும் சேர்ந்து சுத்தப்போகுது" என்றாள்.
சிரித்தோம்.
அது அசையவில்லை.
அவளுடைய ஆறு வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

கரண்ட் போனது.

காந்தம் ஓய்ந்தது, பீஎச் மானியின் முகம் இருண்டது.
குளிர்ப்பெட்டியின் உறுமல் நின்ற பிறகு
தண்ணீர் பவுசர் ஒன்று பின்னுக்கு வரும் சத்தம்
வளாகம் முழுக்கக் கேட்டது.
கண்ணாடிக்கோலை எடுத்து மாறிமாறிக் கலக்கினோம்.
சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகள்,
ஒவ்வொன்றாய்.
போடப் போட முகவை சுட்டது.
தாள் ஐந்து என்றது. பிறகு ஆறு.
ஆறிலேயே நெடுநேரம்.

"ஏய், இதைக் குடிச்சா
என்ரை இரும்பும் கரைஞ்சு போகுமோ?"

பகிடியாய்த்தான் கேட்டாள்.
நான் சோதனைக்குப் படித்தவள், பதில் சொன்னேன்.
இது பிடிப்பது அயனை, துண்டை அல்ல.
துண்டு முதலில் நீருக்குள் தன்னைத்தானே
கொஞ்சம் கொஞ்சமாய் இழக்கவேண்டும்,
பிறகுதான் இந்தக் கைகளுக்கு எட்டும்.
அதுவுமில்லாமல் இரத்தத்தில் விட்டால்
முதலில் உன் கல்சியத்தைத்தான் கொண்டுபோகும்,
இதயம் நின்றுவிடும்.

சொல்லி முடித்த பிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.

அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.
"சரிதான்" என்றாள், "ஐஞ்சு மார்க்ஸ்."

நாலேகால் இருக்கும்.
எந்த வில்லையோடு என்று பிடிபடாமல்
முகவைக்கு அந்தப் பக்கம்
அவளுடைய விரல்கள் தெரிந்தன.
நகத்திலிருந்த பேனை மைகூடத் தெரிந்தது.
தாளைத் தொட்டுப் பார்த்தோம். எட்டு.

பெயர், திகதி, செறிவு.
அவள் எழுத்து வடிவு என்பதால் லேபலை அவள் எழுதினாள்.
போத்தல் கொள்ளாத மிச்சத்தை
ஒருவருக்கும் சொல்லாமல் யோகட் கோப்பையில் மூடி
விடுதிக்குக் கொண்டுபோய்க் கேத்தலில் ஊற்றினோம்.
மூன்று வருடமாய் இந்தக் கிணற்றுத் தண்ணீர்
அதற்குள் சுண்ணாம்பு பூசிவைத்திருந்தது.

விடிய எழும்பிப் பார்த்தால்
வெள்ளை உரிந்து கிடந்தது, அடித்தகடு மினுங்கியது.
மூன்று தரம் நான் கழுவினேன்.
நம்பாமல் நாலாம் தரம் அவள் கழுவினாள்.
முதல் தேத்தண்ணியை வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு
இரண்டாவதைக் குடித்தோம்.
நல்லாத்தான் இருந்தது.
எட்டு மணி விரிவுரைக்குப் பிந்திவிட்டோம்.